பிள்ளையின் மருந்துக்கும் ஒரு செக்ரோல் வேண்டும்



செக்ரோலில் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பால் நிறுக்கும்போது கிராணி என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்கவும் பழகியிருக்கிறோம். வாய்க்கணக்கு நிற்காது, எழுதிய கணக்குதான் நிற்கும். ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தில் மட்டும் நாம் இன்னும் வாய்க்கணக்கைத்தான் நம்புகிறோம். அதனால் என்ன ஆகும் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

இருபது கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். அம்மா விடியுமுன் வேலைக்குப் போய்விட்டாள். காலை 6 மணிக்குப் பாட்டி வீட்டிலிருந்த பாராசெட்டமோல் மருந்தில் இரண்டு கரண்டி கொடுக்கிறாள். அது 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள மருந்து. ஆக 240 மில்லிகிராம். அப்பா வழியில் கடையில் வேறொரு போத்தல் வாங்கி, "டீச்சர், பிள்ளைக்குக் காய்ச்சல், ரெண்டு கரண்டி குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் போத்தலில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். டீச்சர் ஒன்பதரை மணிக்குக் கொடுத்தது 500 மில்லிகிராம். பள்ளி விட்டு வந்த பிள்ளையின் உடம்பு சுடுகிறது என்று மதியம் 1 மணிக்குப் பாட்டி மறுபடியும் இரண்டு கரண்டி கொடுக்கிறாள்.

கணக்குப் பாருங்கள். ஏழு மணி நேரத்தில் மூன்று தடவையாக 980 மில்லிகிராம் மருந்து உள்ளே போய்விட்டது. இந்த மருந்தை நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. இரவில் அம்மா இன்னொரு வேளை கொடுத்தால் அளவு மீறிவிடும். ஒரு நாள் இப்படி நடந்தால் பிள்ளை தப்பித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் கல்லீரல் கெட்டுப்போக இடமுண்டு.

இதில் யார் மேல் குற்றம்? பாட்டியும் அப்பாவும் டீச்சரும் பாசத்தோடுதான் கொடுத்தார்கள். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியவில்லை. எழுதி வைக்காததுதான் குறை.

பள்ளிக்கூடத்தில் நர்ஸ் இல்லையா?

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பத்து காவான், பைராம், ஜாவி, வால்டோர் என்று தோட்டத்தின் பேரையே இன்றும் தாங்கி நிற்கும் பள்ளிகளும் அவற்றில் உண்டு. நம் அரசாங்கப் பள்ளிகளில் தினமும் இருக்கும் நர்ஸ் கிடையாது. அரசாங்கக் கிளினிக்கிலிருந்து பள்ளிச் சுகாதாரக் குழு வந்து போகும். ஒன்றாம் ஆண்டில் தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, தட்டம்மை ஆகியவற்றுக்கு ஊசி போடும். 2010ஆம் ஆண்டிலிருந்து இடைநிலைப்பள்ளி மாணவிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியும் சேர்ந்தது. அந்தக் குழு போட்ட ஊசியைப் பதிந்து வைக்கும். ஆனால் அன்றாடம் கொடுக்கும் மருந்தை டீச்சர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டீச்சர் நர்ஸ் இல்லை. முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஒருவர் எல்லாவற்றையும் ஞாபகத்தில் வைத்திருப்பார் என்று நினைப்பது நியாயமாகாது.

முதலில் டாக்டரைக் கேளுங்கள்

ஒரு நாளைக்கு மூன்று வேளை மருந்து என்றால், காலையில் ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் ஒன்று, இரவில் ஒன்று என்று கொடுக்கலாமா என்று டாக்டரிடமோ மருந்து கொடுப்பவரிடமோ கேளுங்கள். பல மருந்துகளுக்கு அது போதும். பள்ளியில்தான் கொடுத்தாக வேண்டும் என்றால், தலைமையாசிரியரைப் பார்த்து முதலில் சம்மதம் கேளுங்கள். பிறகு கீழே சொன்னபடி செய்யுங்கள்.

1. மருந்தை ஆஸ்பத்திரி கொடுத்த உறையோடு, லேபிளோடு கொடுங்கள். கடதாசியில் மடித்த மாத்திரையை அனுப்பாதீர்கள். லேபிள் மலாயில் இருந்தால் தயங்காதீர்கள். "செபெலும் மாக்கான்" என்றால் சாப்பாட்டுக்கு முன், "செலெபாஸ் மாக்கான்" என்றால் சாப்பாட்டுக்குப் பின், "பிலா பெர்லு" என்றால் தேவைப்பட்டால் மட்டும், "ஹாபிஸ்கான்" என்றால் முழுவதையும் முடிக்க வேண்டும்.

2. மருந்தோடு ஒரு கடிதமும் கொடுங்கள். பிள்ளையின் முழுப்பேர், அப்பா பேர், மைகிட் எண், என்ன நோய், எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்தத் தேதி வரை, உங்கள் டெலிபோன் எண், கையெழுத்து. பிள்ளைக்கு ஆகாத மருந்து இருந்தால் அதை மேலேயே பெரிதாக எழுதுங்கள்.

3. மாத்திரையை டீச்சர் முன்னால் எண்ணிக் கொடுத்து, எண்ணிக்கையை இருவரும் எழுதிக்கொள்ளுங்கள்.

4. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும். அதில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, மணி, மருந்து, அளவு, கொடுத்தவர் கையெழுத்து. வீட்டில் கொடுத்தாலும் அதில்தான் எழுத வேண்டும், பள்ளியில் கொடுத்தாலும் அதில்தான்.

நோட்டு எழுதும் முறை

பிள்ளை மருந்தை விழுங்கிய பிறகுதான் எழுத வேண்டும். முன்கூட்டி எழுதிவிட்டு மறந்தால் நோட்டே பொய் சொல்லும். கொடுக்காமல் விட்டால் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். "கொடுக்கவில்லை, பிள்ளை வரவில்லை" என்றோ "வாந்தி எடுத்துவிட்டான்" என்றோ காரணம் எழுதுங்கள். விட்ட வேளைக்குச் சேர்த்து இரண்டு பங்கு கொடுக்கவே கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ரப்பர் போட்டு அழிக்காதீர்கள். ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் சரியாக எழுதுங்கள்.

ஆஸ்துமா, வலிப்பு உள்ள பிள்ளைகள்

ஆஸ்துமாப் பிள்ளையின் நீல இன்ஹேலரைப் பீரோவில் வைத்துப் பூட்டக்கூடாது. மற்ற மருந்துக்குப் பூட்டு வேண்டும். இதுவோ மூச்சு முட்டும்போது உடனே கைக்கு எட்ட வேண்டும். திடல் விளையாட்டுக்கும் சுற்றுலாவுக்கும்கூட அது கூடவே போகட்டும். ஒவ்வொரு முறை அடித்ததையும் எழுதினால் இரண்டு லாபம். சாதாரணமாக ஒரு குப்பியில் 200 முறைக்கு மருந்து இருக்கும். தீரப்போவது முன்கூட்டியே தெரியும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்படுகிறது என்று நோட்டு காட்டினால், நோய் அடங்கவில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

வலிப்பு மருந்து நோட்டில் ஒரு வேளை விட்டுப்போனதும் தெரிந்துவிடும். "இப்பத்தான் நல்லா இருக்கானே" என்று அந்த மருந்தை நாமாக நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு மீண்டும் கடுமையாக வரலாம்.

அளவு கூடிவிட்டால்

பாராசெட்டமோல் அளவு மீறினால் முதல் நாளில் பிள்ளை நன்றாகவே இருப்பது போலத் தெரியும். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இதற்கு முறிமருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது மிக நன்றாக வேலை செய்யும். டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே "எத்தனை மணிக்கு, எவ்வளவு?" என்பதுதான். நோட்டையும் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பிள்ளை மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 999க்கு அழையுங்கள். நஞ்சு பற்றி ஆலோசனை சொல்லும் தேசிய நச்சு மையம் 1994இலிருந்து நம் பினாங்கில், யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்திலேயே இயங்குகிறது. அதன் எண்ணைக் கிளினிக்கில் கேட்டு நோட்டின் பின்னட்டையில் எழுதி வையுங்கள்.

தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் பெரிய நோட்டை விரித்துவைத்து, பேர், நோய், மருந்து என்று வரிசையாக எழுதியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தோட்டங்கள் பல துண்டாகிவிட்டன. பிள்ளைகள் பட்டர்வொர்த் அடுக்குமாடியிலிருந்தும் ஜார்ஜ்டவுனிலிருந்தும் பள்ளிக்குப் போகிறார்கள். டிரெஸ்ஸர் எழுதிய அந்த நோட்டை இனி நாம்தான் எழுத வேண்டும். எழுதத் தெரியாத பாட்டியானால், கடிகாரத்தைப் பார்த்துப் பேரப்பிள்ளையையே எழுதச் சொல்லலாம்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பள்ளியில் ஒரே மாதிரிக் கடிதமும் ஒரே மாதிரி நோட்டும் இருந்தால் டீச்சருக்கும் சுமை குறையும்.

மறவாதீர்: கொடுத்ததும் எழுது; கொடுக்குமுன் படி.