சாரலுக்கு ஊர் வரும் வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களுக்கு…

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசி அருகே குற்றால அருவிகளில் சீசன். விடுமுறைக்குத் தென்காசி வருகிறீர்களா?

1. மதுரை, தூத்துக்குடி, திருவனந்தபுரம் மூன்றுக்கும் விமானக் கட்டணத்தை ஒப்பிடுங்கள். தென்காசியில் விமான நிலையம் இல்லை.

2. சென்னையில் இறங்கினால், பொதிகை எக்ஸ்பிரஸில் 60 நாள் முன்பே முன்பதிவு செய்யுங்கள். சீசனில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

3. அருவிக்குப் போகும்போது பாஸ்போர்ட்டை வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். நனைந்து கெட்டால் திரும்பும் பயணம் தடைபடும்.

4. குளிக்க அனுமதி உண்டா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வெள்ளம் வந்தால் தடை விதிப்பார்கள்.

5. அபாயச் சங்கு ஒலித்தால் உடனே விலகுங்கள். மலையில் பெய்யும் மழை நொடியில் வெள்ளமாக இறங்கும்.

6. சோப்பு, ஷாம்பு கொண்டுபோகாதீர்கள். அருவியில் அவற்றுக்குத் தடை.

7. ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் அருவிக்குளியல் வேண்டாம். சாரலில் ஈரத்துணி காயாது.