நாட்டுத் துப்பாக்கியும் நம் வீட்டுக் குழந்தைகளும்

துப்பாக்கியால் பிள்ளைகள் சாவது அமெரிக்காவின் பிரச்சினை, நமக்கென்ன வந்தது என்ற நினைப்பு நம்மிடையே ஆழமாக வேரோடியிருக்கிறது. அந்த நாட்டில் 2020இல் 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களின் மரணக் காரணங்களில் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்தது உண்மைதான். அதை வைத்து நம் வீடுகளில் இந்த ஆபத்தே இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. வேலூர் மாவட்டத்தின் ஒடுகத்தூரைச் சுற்றியுள்ள அடிவார ஊர்களிலும், மேலே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை மலை ஊராட்சிகளிலும் நாட்டுத் துப்பாக்கி யாரும் கேள்விப்படாத பொருள் அல்ல. உரிமம் இல்லாத துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைக்கும்படி காவல்துறையும் வனத்துறையும் ஜவ்வாது மலைப் பகுதியில் திரும்பத் திரும்பக் கேட்டுவருகின்றன. மலைமக்களிடம் மட்டுமே இது இருக்கிறது என்று பேசுவதும் நியாயமல்ல. வேட்டை வழக்குகளில் பிடிபடுவோரில் சமவெளிக்காரர்களும் உண்டு. யார் வீட்டில் இருந்தாலும் அதைச் சுற்றி வளர்ந்துள்ள நம்பிக்கைகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

“கேப்பை எடுத்துவிட்டால் அது வெறும் இரும்புக் குழாய்.” இது முதல் நம்பிக்கை, மிகவும் கொடியதும் இதுவே. கேப் என்பது விசையை இழுக்கும்போது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி. தோட்டா போடும் துப்பாக்கியில் தோட்டாவை வெளியே எடுத்துவிட முடியும். நாட்டுத் துப்பாக்கி அப்படிப்பட்டதல்ல. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, நாரையோ துணியையோ அடைத்து, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்குகிறார்கள். இறுக்கியதைத் திரும்ப எடுப்பது எளிதல்ல. சுட்டுத் தீர்ப்பதுதான் சுலபமான வழி. ஆனால் சுட்டால் சத்தம் கேட்கும், ஊருக்குத் தெரியும். ஆகவே இரவு முழுவதும் பன்றி அகப்படாமல் திரும்புகிறவரின் துப்பாக்கி, மருந்தும் ரவையுமாகவே வீட்டுக்குள் வருகிறது. கேப்பை எடுத்தோமா இல்லையா என்பது இருட்டில் களைத்து வந்தவரின் நினைவைப் பொறுத்தது. பத்து வயதுப் பிள்ளையின் உயிரை அந்த நினைவை நம்பி ஒப்படைக்கலாமா?

“எங்கே வைத்திருக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாது. தொடக்கூடாது என்று சொல்லியும் வைத்திருக்கிறோம்.” பெற்றோர் இதைப் பொய்யாகச் சொல்வதில்லை, நம்பித்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, துப்பாக்கி உள்ள வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டது. தம் பிள்ளைக்கு இடம் தெரியாது என்ற பெற்றோரில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகள் இடத்தைச் சரியாக அறிந்திருந்தார்கள். ஒருமுறைகூடத் தொட்டதில்லை என்று பெற்றோர் அடித்துச் சொன்னவற்றில் 22 சதவீதத்தைப் பிள்ளைகளே மறுத்தார்கள். 2001இல் வெளியான இன்னோர் ஆய்வில், சுட முடியாதபடி செயலிழக்கச் செய்த உண்மையான கைத்துப்பாக்கி ஒன்றை இழுப்பறையில் ஒளித்துவைத்துவிட்டு, 8 முதல் 12 வயதுவரை உள்ள 64 சிறுவர்களைச் சிறு சிறு குழுக்களாக அந்த அறையில் விட்டுப் பார்த்தார்கள். 48 பேர் அதைக் கண்டுபிடித்தார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை இழுத்தார்கள். எடுத்தவர்களிலும் இழுத்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிய ஏதோவோர் அறிவுரையை ஏற்கெனவே கேட்டவர்கள். நம் பிள்ளைகள் வேறு மண்ணில் செய்யப்பட்டவர்கள் அல்ல. காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி வண்டியில் தாய் ஏறிவிட்டால் மாலைவரை வீட்டில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும்தான். விடுமுறை நாளில் பரண் ஏறாத பையன் எந்த ஊரில் இருக்கிறான்?

“சட்டத்தை இன்னும் கடுமையாக்கினால் எல்லாம் சரியாகிவிடும்.” படித்தவர்கள் அதிகமாக நம்புவது இது. நம் சட்டம் ஏற்கெனவே கடுமையானது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்குப் பொதுவாக உரிமம் கிடையாது. 2019 திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, கள்ளத்தனமாகத் தயாரிப்பதற்கான தண்டனையை ஆயுள் சிறைவரை நீட்டியது. 2016ஆம் ஆண்டு விதிகள் உரிமம் கேட்பவரிடம் பயிற்சியையும் பாதுகாப்பாக வைப்பதற்கான ஏற்பாட்டையும் எதிர்பார்க்கின்றன. அமெரிக்க நிலைமை நமக்கு வராமல் தடுத்ததில் இந்தக் கெடுபிடிக்குப் பெரும் பங்கு உண்டு. அதைத் தளர்த்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் பாதுகாப்பாக வைக்கச் சொல்லும் விதிகள் உரிமம் உள்ள துப்பாக்கியை நோக்கியே பேசுகின்றன. உரிமம் இல்லாததைப் பூட்டி வை என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது, வைத்திருப்பதே குற்றம். வைத்திருப்பவரும் பூட்டமாட்டார், ஏனென்றால் சோதனைக்கு வருபவர் முதலில் திறக்கச் சொல்வது பூட்டிய பெட்டியைத்தான். அதனால் அது பரணுக்கும் கூரை இடுக்குக்கும் வைக்கோல் போருக்கும் போகிறது. போலீஸ் கண்ணுக்கு மறைக்கத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் எல்லாம் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும் இடங்கள். தண்டனையைக் கூட்டினால் துப்பாக்கி இன்னும் ஆழமாக ஒளிக்கப்படும். வீட்டை விட்டு வெளியேறாது.

“பழங்குடியினருக்கு இது பரம்பரை உரிமை”, “பன்றியைச் சுட அரசே அனுமதி கொடுத்துவிட்டது” என்று ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் டீக்கடையிலும் பேசிக்கொள்வார்கள். இரண்டும் தவறு. உரிம விலக்கு கர்நாடகத்தின் குடகர்களுக்கும் அங்குள்ள ஜம்மா நில உடைமையாளர்களுக்கும் தனியே அளிக்கப்பட்டது. அதுவும் 2029 வரைதான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வேட்டையாடும் மரபுரிமையை வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு போட்ட ஆணை, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்கிறது. காட்டை ஒட்டிய கொல்லைக்கு அது பொருந்தாது. விவசாயி கையில் துப்பாக்கியையும் தரவில்லை. ஒரே இரவில் நிலக்கடலை முழுவதையும் பன்றிக்குப் பறிகொடுத்தவரின் வயிற்றெரிச்சல் உண்மையானது. இழப்பீடு காலத்தில் வந்து சேராதவரை இந்த வதந்திக்குக் காது கொடுக்க ஆள் இருக்கும்.

ஏர்கன் விளையாட்டுச் சாமான் என்ற நினைப்பும் அதுபோலத் தவறானதே. 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட 0.177 அங்குல ஏர்கனுக்கு உரிமம் தேவையில்லை என்றால், ஆபத்து இல்லை என்று பொருளல்ல. அதன் ஈயக் குண்டு கண்ணைத் துளைக்கும், அருகிலிருந்து பட்டால் மண்டைக்குள்ளும் இறங்கும். அருணாசலப் பிரதேசம் 2021இல் தொடங்கிய இயக்கத்தில் ஊர் ஊராக மக்களே ஏர்கன்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காட்டுயிரைக் காக்கத் தொடங்கியது அது. வீட்டிலிருந்த பிள்ளைகளுக்கும் நல்லதாயிற்று.

கடைசியாக ஒன்று, உயிரையே பறிப்பது: “சுட்ட காயம் என்று சொன்னால் கேஸ் ஆகும், போலீஸ் வந்தால்தான் டாக்டர் தொடுவார்.” இந்த அச்சத்தில் குடும்பம் கதை கட்டுகிறது: பட்டாசு வெடித்தது, கம்பி குத்தியது. மருத்துவர் உடலுக்குள் ரவை இருக்கும் என்று தெரியாமலே காயத்தைப் பார்க்கிறார். பொன்னான நேரம் கதையில் கழிகிறது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: போலீஸ் நடைமுறைக்காகக் காத்திராமல் உடனே சிகிச்சை தருவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை. வழக்கு வரலாம், சிகிச்சை அதற்காக நிற்காது. இந்த மலையில் நேரம் என்றால் என்ன என்று நமக்கு நன்றாகவே தெரியும். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான சாலை இல்லாததால் மருத்துவமனை சேரும் முன்பே இறந்தது. உடலைத் தாய் கையில் சுமந்து மலையேறினார். ரவை பாய்ந்த பிள்ளைக்கும் அதே பாதைதான், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கும் அதே தூரம்தான். பொய்க் கதைக்கு அரைமணி நேரத்தைக் கொடுக்க இங்கே எவராலும் இயலாது.

ஒப்படைக்கச் சொல்லும் அறிவிப்பு இருந்தும் துப்பாக்கிகள் ஏன் முழுமையாக வெளியே வரவில்லை என்று அதிகாரிகளும் யோசிக்க வேண்டும். வாயால் சொல்லும் உறுதியை நம்ப மலைக்காரர்களுக்குப் பழைய அனுபவம் இடம் தரவில்லை. ஒப்படைத்தவர்மேல் வழக்கு இல்லை என்பதை எழுத்தில் கொடுங்கள். ஊர்க்கவுண்டர், ஊராட்சித் தலைவர் முன்னிலையில் பெற்றுக்கொள்ளுங்கள். பயிர் இழப்பீட்டையும் அதே கூட்டத்தில் பேசி முடியுங்கள்.

வீட்டில் ஒன்று இருக்கிறதென்றால், அடுத்த அறிவிப்பு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி, அவர்கள் முதலில் வேப்பங்குப்பம் காவல் நிலையத்தில் பேசிவர, அவர்களையே உடன்வைத்துக்கொண்டு ஒப்படைத்துவிடுங்கள். நடக்கக்கூடாதது நடந்துவிட்டால் 108ஐ அழையுங்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையிலேயே துப்பாக்கிக் காயம் என்று சொல்லுங்கள்.