ஷிஃப்ட் முடிந்து பி.காம்: வடசென்னைத் தொழிலாளிக்குச் சில யோசனைகள்

ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸைச் சுற்றி, லிங்கி செட்டித் தெருவிலும் தம்பு செட்டித் தெருவிலும் இருக்கும் கிளியரிங் ஆபீஸ்களில் ஒருவகை ஆளைப் பார்க்கலாம். பில் ஆஃப் என்ட்ரி போடுவதிலிருந்து கன்டெய்னர் யார்டைவிட்டு வெளியே வருவது வரை எல்லாம் அத்துப்படி. முதலாளிக்கே சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார். ஆனால் சொந்தப் பெயரில் லைசென்ஸ் எடுக்க அவரால் முடியாது. காலேஜை நடுவில் விட்டவர். 2018-ஆம் ஆண்டின் கஸ்டம்ஸ் புரோக்கர் விதிகளின்படி, லைசென்ஸ் கேட்பவர் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டதாரியாக இருக்க வேண்டும். அதோடு எம்.பி.ஏ., சி.ஏ. போன்ற ஒரு தொழிற்படிப்போ, புரோக்கரின் ஊழியருக்கான ஜி கார்டு வைத்துக்கொண்டு 2 வருட அனுபவமோ வேண்டும். இருபது வருட அனுபவம் இருந்தாலும் பட்டம் இல்லையென்றால் விண்ணப்பமே போட முடியாது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இதே கதை வேறு வேறு சட்டையில் நடக்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலையின் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர், காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் டாலி கிளார்க், திருவொற்றியூர் பட்டறையின் ஸ்டோர் கீப்பர், காசிமேட்டு ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு எழுதும் பெண். வேலை தெரியும், காகிதம் இல்லை. அந்தக் காகிதத்தை வேலையை விடாமல் வாங்க நினைப்பவர்களுக்காக இது.

செய்ய வேண்டியவை

பட்டம் எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். கஸ்டம்ஸ் லைசென்ஸுக்கு பி.காம், பி.பி.ஏ. இரண்டும் ஒன்றுதான். கணக்குப் பிரிவில் மேலே போக வேண்டுமென்றால் பி.காம் எடுங்கள். 55 சதவீதத்தோடு முடித்த வணிகவியல் பட்டதாரி ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக சி.ஏ. இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். பி.பி.ஏ. படிக்கக் கொஞ்சம் இலகு என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். ஆனால் துறைமுகப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு பி.காமே பொருத்தம் என்பது என் கட்சி. மனிதவளமும் மேலாண்மையும் யார்டில் தினமும் படிக்கிற பாடம். பேலன்ஸ் ஷீட்டைத்தான் அங்கே யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அரசு வேலையும் மனதில் இருந்தால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று 2009-லேயே தமிழக அரசாணை வந்துவிட்டது. பிளஸ் டூ எழுதாதவர்கள் முதலில் அதை முடித்துவிடுவது நல்லது.

பழைய அரியரைத் தோண்டிப் பாருங்கள். காலேஜை விட்டவர்கள் பெரும்பாலும் எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று வருடமும் படித்து, நான்கு பேப்பரில் நின்றவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். படிப்புக் காலம் முடிந்த பிறகு கூடுதலாக 2 வருடம் தருவதுதான் யுஜிசி சொல்லும் பொது வழி. ஆனால் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது பழைய மாணவர்களுக்குத் தனி வாய்ப்பு அறிவிக்கின்றன. பதிவு எண்ணையும் கிடைக்கிற மார்க் ஷீட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஒருநாள் தேர்வுத் துறைக்கே நேரில் போய்க் கேளுங்கள். பாடத்திட்டம் மாறியிருந்தால் பழைய பேப்பருக்கு ஈடாக எதை எழுத வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நான்கு பேப்பரில் முடிகிற வேலைக்கு மறுபடி முதலாம் ஆண்டில் சேர்வது வீண் செலவு. இன்னொரு 'ஆல் பாஸ்' வரும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். 2020-இல் கொரோனா சாக்கில் அரியர்களை ரத்து செய்தபோது கட்அவுட் வைத்துக் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் தேர்வு வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது.

மணிக்கணக்கைப் போடுங்கள். தொலைதூரக் கல்வி தரும் இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. இப்போதைய முறையில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். ஆக மொத்தம் 3,600 மணி நேரம். மூன்றே வருடத்தில் முடிக்க வாரத்துக்கு 23 மணி நேரம் வேண்டும். மாறி மாறி ஏ, பி, சி ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு இது நடக்காத காரியம். அதையே ஆறு வருடத்துக்குப் பரப்பினால் வாரத்துக்கு பதினொன்றரை மணி நேரம். இக்னோ அவ்வளவு காலம் இடம் தருகிறது. பி ஷிஃப்ட் வாரத்தில் காலை நேரம் முழுக்க உங்களுடையது, அந்த வாரத்தில் கடினமான பாடத்தை வையுங்கள். சி ஷிஃப்ட் வாரத்தில் தூக்கம்தான் முக்கியம், புத்தகம் மூடியே கிடக்கட்டும். ஏ ஷிஃப்டில் மாலை ஒரு மணி நேரம் கிடைத்தால் லாபம்.

தேர்வு மாதத்தை வேலைக் காலண்டரோடு வைத்துப் பாருங்கள். இக்னோ தேர்வுகள் ஜூன், டிசம்பர் மாதங்களில் வரும். விசைப்படகுத் தொழிலைச் சார்ந்தவர்களுக்கு, அதாவது ஐஸ் பிளான்ட், ஏலக்கூடம், ஏற்றுமதிக் கிடங்கு ஆட்களுக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வருமானம் குறைகிற அந்த இரண்டு மாதமும் ஜூன் தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதமாக அமைவது அதிர்ஷ்டம். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். மார்ச் முடிவு, மாதாமாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20-ஆம் தேதி 3பி. அந்தத் தேதிகளை ஒட்டித் தேர்வு வந்தால் அந்தப் பருவத்தில் இரண்டு பேப்பருக்கு மட்டும் பணம் கட்டுங்கள். டிசம்பரில் வேறொரு கவலை. புயல் வந்தால் எர்ணாவூரும் எண்ணூரும் தனித்தீவாகிவிடும். தேர்வு மையத்துக்கு எந்த வழியாகப் போவது என்று முன்பே யோசித்து வையுங்கள்.

அசைன்மென்டை நீங்களே எழுதுங்கள். இக்னோவில் அதற்கு 30 சதவீத மதிப்பெண். ஜெராக்ஸ் கடையில் எழுதிவைத்த விடைகள் விற்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த 30-ஐ வாங்கிக்கொண்டு மீதி 70-க்குத் தேர்வறையில் உட்காரும்போது கை ஓடாது. வேலை தெரிந்தவருக்கு இதில் ஒரு சௌகரியமும் ஒரு சிக்கலும் உண்டு. இறக்குமதி வரி சி.ஐ.எஃப். மதிப்பின் மேல்தான் விழும் என்பது உங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். கேள்வித்தாள் அதைக் கேட்காது. எஃப்.ஓ.பி.க்கும் சி.ஐ.எஃப்.க்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து பாயின்ட்டில் எழுதச் சொல்லும். தெரிந்ததைப் பாயின்ட்டாக எழுதப் பழகவே இந்த அசைன்மென்ட்.

மெட்ரோவைப் பயன்படுத்துங்கள். 2021-இல் விம்கோ நகர் வரை நீண்ட அதே நீலப் பாதைதான் அரசினர் தோட்டத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் போகிறது. முதலாவதில் இறங்கினால் சென்னைப் பல்கலையின் தொலைதூரக் கல்வி நிறுவனம் இருக்கும் சேப்பாக்கம் பக்கம். இரண்டாவதில் இறங்கினால் 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் வரிசைக்கு நடுவே பஸ்ஸில் நின்ற காலத்தை நினைத்தால், உட்கார்ந்து புத்தகம் பிரிக்க முடிவதே பெரிய விஷயம்.

வேலையிடத்தில் சொல்லிவிடுங்கள். பொதுத்துறையிலோ அரசுத் துறையிலோ இருந்தால் சேரும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பட்டத்தைப் பணிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். தனியார் என்றால் தேர்வு அட்டவணை வந்த அன்றே ஒரு நகலை சூப்பர்வைசரிடம் கொடுங்கள். கப்பல் வந்து நிற்கும் நாளில் போய் லீவு கேட்டால் அவரும் என்ன செய்வார்?

செய்யக்கூடாதவை

'ஒரே வருடத்தில் டிகிரி' போஸ்டரை நம்பாதீர்கள். தண்டையார்பேட்டை முதல் எர்ணாவூர் வரை மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் அந்த நம்பருக்கு போன் போட வேண்டாம். பத்தாவது முடித்தவருக்கு ஒரே வருடத்தில் பி.காம் தர இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுமதி கிடையாது. பழைய தேதி போட்டுத் தருகிறோம் என்றால் அது போலிச் சான்றிதழ். மாட்டினால் வேலையோடு சேர்த்துக் கேஸும் வரும். சென்னைப் பல்கலையிலேயே, சேராதவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொரோனா கால ஆன்லைன் தேர்வை எழுதியது பின்னர் வெளியே வந்து சந்தி சிரித்தது.

பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். தொலைதூரப் படிப்புக்கான அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் படிப்பு, எந்த ஆண்டு என்று தனித்தனியாக யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு தருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் யார்? அதன் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15-க்குப் பிறகு தன் அனுமதி இல்லை என்று 2022 மார்ச்சில் யுஜிசி பகிரங்க அறிவிப்பு வெளியிட்டது. ஏற்கெனவே படித்து முடித்தவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆகவே யுஜிசி இணையதளத்தில் உங்கள் படிப்பும் நீங்கள் சேரும் பருவமும் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் 'ஸ்டடி சென்டர்' என்று திருவொற்றியூரில் யாராவது பலகை மாட்டியிருந்தால் உள்ளே நுழையவே வேண்டாம். மாநிலம் தாண்டி மையம் நடத்தவும், ஃபிரான்சைஸ் கொடுக்கவும் விதியில் இடமில்லை.

மூன்று வருடக் கட்டணத்தை ஏஜென்டிடம் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். பணம் பல்கலைக்கழகத்தின் தளத்தில் மட்டும், ஆண்டுக்கோ பருவத்துக்கோ எவ்வளவோ அவ்வளவுதான். கட்டணத்துக்காகக் கந்துவட்டிக்கும் போகாதீர்கள். சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். தேர்வு இல்லாத மாதங்களில் நான்கைந்து ஓ.டி. பார்த்தால் தொலைதூரக் கல்விக் கட்டணம் சேர்ந்துவிடும். தேர்வு மாதத்தில் மட்டும் ஓ.டி. வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்.

சுழல் ஷிஃப்டில் இருந்துகொண்டு மதியக் கல்லூரியில் சேராதீர்கள். ஷிஃப்ட் டூ கல்லூரிகள் நல்லவைதான், அதிகாலை வேலை மட்டும் பார்ப்பவருக்கு. வருகைப்பதிவு குறைந்து தேர்வெழுத முடியாமல் போனால் ஒரு வருடம் போய்விடும்.

அக்கவுண்ட்ஸைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பி.காமில் ஆட்கள் நிற்கும் இடம் இதுதான். நான்தான் தினமும் டாலியில் என்ட்ரி போடுகிறேனே என்பவர்கள்தான் முதலில் விழுகிறார்கள். டாலியில் வவுச்சரைப் போட்டால் லெட்ஜரும் டிரையல் பேலன்ஸும் தானாக வந்துவிடும். தேர்வில் தேய்மானமும் வங்கிச் சரிக்கட்டலும் வெள்ளைத்தாளில் கையால் போட வேண்டும், அதுவும் மூன்று மணி நேரத்துக்குள். மார்கம் பதிப்பகத்தின் ரெட்டி–மூர்த்தி புத்தகம் இந்த ஊர் பி.காம் மாணவர்களின் கையேடு மாதிரி. அல்லிக்குளம் மூர் மார்க்கெட்டில் பழைய பிரதி கிடைத்தால் போதும், கணக்குகள் பெரிதாக மாறவில்லை. நாளுக்கு ஒரு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை பத்துக் கணக்கு சேர்த்துப் போடலாம் என்பது நடக்காது.

வீட்டுப் பெண் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமையை அவளிடமிருந்து பறிக்காதீர்கள். இது வீட்டாருக்கு. ஆண் படித்தால் டி.வி. சத்தம் குறைகிறது, பெண் படித்தால் துணி துவைத்த பிறகு படிக்கச் சொல்கிறார்கள். ஒற்றை அறை வீடுகளில் இடமும் ஒரு பிரச்சினை. கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் போல் படிப்பதற்கென்றே இருக்கும் இடங்களை அவர்களும் பயன்படுத்தட்டும்.

ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது எண்ணூர்ப் பக்கம் வீட்டுச் சுவர்களில் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருந்தது. அந்தத் தண்ணீரில் நனைந்த மார்க் ஷீட்டைக் காயவைத்துப் பயனில்லை. டிஜிலாக்கரில் ஏற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இந்த வாரமே செய்ய வேண்டியது. 2024 முதல் தொலைதூரப் படிப்பில் சேர யுஜிசியின் டெப் ஐடி கட்டாயம், அதற்கு ஏ.பி.சி. (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) எண் வேண்டும், அதற்கு ஆதார் வேண்டும். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும். அங்கேதான் பலருடைய விண்ணப்பம் நிற்கிறது. சேர்க்கை ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை வரும். மார்க் ஷீட்டையும் ஆதாரையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரோ பிறந்த தேதியோ ஒரு எழுத்து மாறியிருந்தாலும், சேர்க்கை தொடங்கும் முன்பே ஆதார் மையத்துக்குப் போய்த் திருத்திவிடுங்கள்.