நிகுஸ்தானும் முழு இருதய ஆராதனையும்

விக்கிரகாராதனை என்னுஞ் சொல்லைக் கேட்டவுடனே, அது பிறரைக் குறித்தது என்றே நம்மிற் பலர் எண்ணிவிடுகின்றோம். வேதாகமமோ அவ்வாறு கூறுவதன்று. தீர்க்கதரிசிகள் இப்பாவத்தைக் குறித்துப் பெரும்பாலும் கண்டித்தது கர்த்தருடைய நாமந் தரிக்கப்பட்ட ஜனத்தையே. யோவான் அப்போஸ்தலன் தம் முதல் நிருபத்தை முடிக்கும்போது, விக்கிரகங்களுக்கு விலகியிருக்கும்படி எச்சரிப்பதும் விசுவாசிகளாகிய பிள்ளைகளையே. ஆதலின் இவ்விஷயம் நம்மைச் சார்ந்ததே என்று கொண்டு, எசேக்கியா அரசனின் சரித்திரத்தின் வாயிலாக இதனைச் சிறிது ஆராய்வோம்.

1. ஒதுக்கப்பட்ட பலிபீடம்

எசேக்கியாவின் தந்தை ஆகாஸ் என்பவன். அவன் அசீரியா அரசனாகிய திகிலாத்பிலேசரைக் காணத் தமஸ்குவுக்குச் சென்றபோது அங்கே ஒரு பலிபீடத்தைக் கண்டான். அதன் மாதிரியை உரியா என்னும் ஆசாரியனுக்கு அனுப்பி, எருசலேமிலும் அவ்வாறே ஒன்று அமைப்பித்தான் (2 இராஜாக்கள் 16). கர்த்தருடைய வெண்கலப் பலிபீடத்தை அவன் எறிந்துவிட்டானா? இல்லை. அதனை வடபுறமாக ஒதுக்கிவைத்து, தான் விசாரிக்க வேண்டியபோது உதவுமென்று வைத்துக்கொண்டான். வல்லவனுடைய பலிபீடம் நடுவிலும், கர்த்தருடைய பலிபீடம் ஓரத்திலும் நின்றன.

பிளவுண்ட இருதயத்துக்கு இதனினுந் தெளிவான சித்திரம் வேண்டுவதில்லை. நம்மிலும் கடவுளை முற்றும் மறுத்தோர் சிலரே. அவரை வடபுறத்தில் வைத்தோர் பலர். பரீட்சை நெருங்கும்போதும், நோய் வரும்போதும் அவரிடம் விசாரிக்கின்றோம். மற்றை நாட்களில் நடுவிடம் வேறொன்றற்குரியதாகின்றது.

2. வெண்கலச் சர்ப்பம்

எசேக்கியா 25 வயதில் அரசனாகி, 29 ஆண்டு ஆண்டவன். அவன் மேடைகளை அகற்றி, சிலைகளைத் தகர்த்தான். அவற்றோடு மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தையும் உடைத்தான் (2 இராஜாக்கள் 18:4). ஈண்டு நாம் நின்று கவனிக்கவேண்டும். அச்சர்ப்பம் அந்நிய நாட்டினின்று வந்ததன்று. வனாந்தரத்தில் கொள்ளிவாய்ச் சர்ப்பங்களாற் கடியுண்டோர் நோக்கிப் பிழைக்கும்படி, கடவுளின் கட்டளையினாலேயே உண்டாக்கப்பட்டது (எண்ணாகமம் 21). பின்னாளில் நம் ஆண்டவரும் தம் சிலுவையை அதனோடு ஒப்பிட்டுப் பேசினார் (யோவான் 3:14).

இத்தகைய நற்பொருள் விக்கிரகமானது எங்ஙனம்? முன்னோர் பிழைத்ததை நினைந்து நன்றியோடு பாதுகாத்திருப்பர். நன்றி மரியாதையாகி, மரியாதை நாளடைவில் தூபமாயிற்று. உயிர்ப்பித்தவர் மறைய, கருவியே நின்றது. அரசன் அதற்கு நிகுஸ்தான் என்று பெயரிட்டான். எபிரெயத்தில் அச்சொல்லில் வெண்கலம், சர்ப்பம் என்னும் இரண்டன் ஓசையுங் கேட்கும். வெறும் வெண்கலத் துண்டு என்பதே அதன் கருத்தென்பர். தீயதை உடைக்கத் துணிவு போதும். ஒருகால் நன்மை செய்ததை உடைக்கவோ, துணிவோடு பகுத்தறிவும் வேண்டும்.

3. நம்மிடையேயுள்ள நிகுஸ்தான்கள்

1529-இல் வெளியிட்ட பெரிய ஞானோபதேசத்தில் லுத்தர், மனிதன் எதன்மேல் தன் இருதயத்தைச் சார்த்தி நம்புகின்றானோ அதுவே மெய்யாக அவனுடைய தெய்வம் என்னுங் கருத்தை விளக்குகின்றார். இவ்வளவுகோலைக் கொண்டு நம்மை அளந்து பார்ப்போம்.

கல்வி கடவுளின் ஈவு. எனினும், மதிப்பெண் குறைந்தவிடத்து வாழ்வே முடிந்ததென ஒரு மாணாக்கன் எண்ணுவானாயின், அல்லது மதிப்பெண்ணுக்காகப் பொய்யும் கூறுவானாயின், ஈவு ஈந்தவருடைய இடத்தைப் பற்றிக்கொண்டதன்றோ? பொருளாசையை விக்கிரகாராதனை என்றே பவுல் பெயரிட்டுள்ளார் (கொலோசெயர் 3:5). கண்விழித்ததும் ஜெபத்துக்கு முன் கைப்பேசியை நாடுங் கையும் தன்னைச் சோதித்துக்கொள்ளட்டும். நம் கலாசாலையின் பழமையும் புகழும் கூட, எதன்பொருட்டு அது நிறுவப்பட்டதோ அதனை மறந்து போற்றப்படுமேல், வெண்கலத் துண்டேயாம்.

இவையனைத்தினும் நம் சபைகளில் ஆழ வேரூன்றியது ஜாதியாகும். 1833-இல் கல்கத்தா அத்தியட்சராகிய தானியேல் வில்சன், தென்னிந்திய சபைகளில் ஜாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றிலும் ஒழிய வேண்டுமென நிருபம் எழுதினார். அதனை ஏலாது சபையைவிட்டு விலகினோரும் உண்டு. அதன்பின் ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் சென்றன. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெற்றபின், மண விஷயம் வந்தவுடனே குலம் வினவும் வழக்கம் இன்னும் ஒழிந்ததில்லை. கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை நிற்கும் ஊர்கள் உள. கிறிஸ்துவின் சரீரத்தினும் குலத்தையே உறுதியாக நம்புவோமாயின், நாம் தூபங்காட்டுவது யாருக்கு?

4. உடைத்தவனும் இடறினான்

எசேக்கியாவின் சரித்திரம் இதனோடு முடிவதில்லை. அவன் நோயினின்று பிழைத்தபின் பாபிலோன் ஸ்தானாபதிகள் வந்தனர். பொன், வெள்ளி, பரிமளம், ஆயுதசாலை ஆகிய யாவற்றையும் அவர்களுக்குக் காட்டினான். ஏசாயா வந்து, உம் வீட்டில் என்ன கண்டார்கள் என்று வினவியபோது, காட்டாதது ஒன்றுமில்லை என்றான் (2 இராஜாக்கள் 20). பிறர் தொழுத வெண்கலத்தைக் கண்டறிந்தவன் தன் பொன்னைக் கண்டறிந்திலன். ஆதலால், அடுத்தவனுடைய விக்கிரகத்தைச் சுட்டும் விரல் நம்மைக் காப்பதில்லை. உம் வீட்டில் உள்ளது யாது என்னும் வினா நம் ஒவ்வொருவருக்கும் உரியது.

5. செய்யத்தக்கது யாது?

முதலாவது, உடைக்கவேண்டியதையும் இடமாற்றவேண்டியதையும் பகுத்தறிதல் வேண்டும். கல்வி, குடும்பம், தொழில், கருவிகள் ஆகியன உடைக்கத்தக்கனவல்ல. நடுவினின்று பெயர்த்துத் தம் இடத்தில் அமைக்கத்தக்கன. ஜாதிப் பெருமையும் பொய்யுமோ உடைக்கவே தக்கன.

இரண்டாவது, உடைத்தல் மாத்திரம் போதாது. அசுத்த ஆவி விட்டுப்போன வெறும் வீட்டைப் பற்றிய உவமை நாம் அறிந்ததே (மத்தேயு 12). எசேக்கியா தன் முதலாம் ஆண்டின் முதலாம் மாதத்திலேயே ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். லேவியர் அசுத்தங்களைக் கீதரோன் ஆற்றுக்கு வெளியே கொண்டுபோயினர்; 1-ஆம் நாள் தொடங்கிய வேலை 16-ஆம் நாள் முடிந்தது (2 நாளாகமம் 29). அதன்பின்னரே பலியும் பாட்டும் எழுந்தன. நம் இருதயச் சுத்திகரிப்பும் ஒரு நாளில் முடிவதன்று. நாள்தோறும் ஜெபம், வேத தியானம், அயலானுக்குச் செய்யும் நீதி என்னும் இவற்றால் அது நிறைவேறும். சரீரத்தையே ஜீவபலியாக ஒப்புக்கொடுத்தல் நம் ஆராதனை எனப் பவுல் கற்பிக்கின்றார் (ரோமர் 12:1). ஆதலின் அது ஞாயிறு காலையோடு அடங்குவதன்று. வகுப்பறை, விடுதி, பணிமனை, மணப்பந்தல் எங்கும் நடைபெறுவது.

ஓரத்தில் ஒதுக்கப்பட்ட பலிபீடத்தை நாம் மீண்டும் நடுவிடத்தில் நிறுத்துவோமாக. பிளவுண்ட இருதயங்களை ஒருமைப்படுத்த வல்லவர் நம் கலாசாலைக் குடும்பத்தார் யாவருக்கும் அவ்வருளை ஈந்தருள்வாராக.