இருவகை நீரும் இருவேறு வழியும்

பழந்தமிழ் நகரமைப்பைக் கற்பார்க்குச் சுருங்கை என்னுஞ் சொல் புதியதன்று. நிலத்தின்கீழ்க் கரந்து செல்லும் வழியை அது குறிக்கும். மணிமேகலையில் வஞ்சிநகரத்து அகழியைக் கூறுமிடத்துச் சாத்தனார், மகளிர் கூந்தல் கழுவிய நீர் சுருங்கைத் தூம்பின் வழியே சென்று அவ்வகழியிற் கலந்தமையைக் குறிப்பிடுகின்றார். மனையிற் பயன்படுத்திய நீர் வெளியேறுதற்கு ஊருக்குப் பொதுவான வழியொன்று வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆயின், யாழ்ப்பாண நகருக்கும் அதனைச் சூழ்ந்த நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் முதலாய ஊர்களுக்கும் அத்தகைய பொதுக் கழிவுநீர்க் குழாயமைப்பு இன்றும் இல்லை. இதனால் விளைவதையும் இனிச் செய்யத்தக்கதையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் நம் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மாத்திரம் ஓடி, அராலிப் பக்கத்திற் கடனீரேரியை அடைவது. ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடிகின்றது. அம்மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உடைய நிலாவரைக் கிணறு இதற்குத் தக்க சான்றாம். நாம் பருகுவதும் தோட்டத்துக்கு இறைப்பதும் இந்நன்னீரே.

ஆதலின் நம் நாட்டில் நீர் இருவகைப்படும். ஒன்று நிலத்துள் ஏற்றற்குரிய மழைநீர். மற்றையது நிலத்துள் விடாது விலக்கற்குரிய கழிவுநீர். புறநகர்களில் இன்று நிகழ்வதோ இதற்கு மறுதலையாம். முற்றம் முழுதும் சீமெந்து பூசி மழைநீரை ஒழுங்கைக்குத் தள்ளுகின்றோம். மலக்குழியின் நீரையோ வளவுக்குள்ளேயே ஊறவிடுகின்றோம்.

முன்னாளில் இதனால் நேர்ந்த தீங்கு சிறிது. வளவுகள் பெரியனவாய் இருந்தமையே காரணம். ஒரு கணக்கை நோக்குவோம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். எனவே ஒரு பரப்பு 2,722 சதுர அடிக்குச் சற்று மேற்பட்டது. அது சதுரமாயின் ஒரு பக்கம் ஏறக்குறைய 52 அடியாகும். நான்கு பரப்புக் காணியை மக்கள் நால்வர் பகிர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு வீடும் ஒரு கிணறும் ஒரு குழியும் அமைப்பாராயின், குழியைக் கிணற்றுக்கு எட்ட வைக்க இடம் ஏது? தம் குழியை ஒரு மூலையில் ஒதுக்கினும், மதிலுக்கு அப்பால் அயலவர் கிணறு நிற்கும்.

மணல்நிலத்தில் நீர் மெல்ல இறங்குங்கால் ஓரளவு வடிகட்டப்படும். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களில் அது விரைந்து செல்லுதலின் அவ்வாறு தூய்மையுறுவதில்லை. நோய்க்கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். நைத்திரேற்றை அவ்வாறு போக்கவியலாது. கொதிக்குந்தோறும் நீர் வற்ற, அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. நிறமும் சுவையும் அற்ற அது, தோட்டத்துக்கு இடும் உரத்தினின்றும் மலக்குழியினின்றும் கிணற்றை அடைகின்றது. ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. குடாநாட்டுக் கிணறுகள் பல அவ்வெல்லையைக் கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் பாலைக் கரைத்து ஊட்டின், பச்சிளங் குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம்பாரித்தலும் கூடும்.

மாரியில் இத்தீங்கு இரட்டிக்கின்றது. நிலநீர் மட்டம் உயர, குழிகள் அடியிலிருந்தே நிரம்புகின்றன. 2008 இல் நிஷா புயலும் 2020 இல் புரெவிப் புயலும் கொணர்ந்த பெருமழையில் தாழ்ந்த இடங்கள் வெள்ளத்துள் ஆழ்ந்தமையை அறிவோம். அவ்வேளை வெள்ளமும் மலக்குழி நீரும் வேறு வேறாக நிற்பதில்லை. வெள்ளவாய்க்காலிலே குப்பையும் வீட்டுக் கழிவுநீரும் நிறைந்திருப்பின், மழைநீர் குளத்தை அடைய மாட்டாது வீட்டு வாயிலை அடையும். குளத்தை மேடாக்கிக் கட்டடம் எழுப்பிய இடத்திலும் நீர் தன் பழைய இருப்பிடத்தையே நாடி வரும்.

2024 ஆகத்தில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரவல்லது அது. நன்றே! எனினும் குழாய்நீர் மிகுதியாக வந்தால் கழிவுநீரும் மிகும் என்பதை மறத்தலாகாது. அந்நீர் வழங்கல் திட்டத்தின் தொடக்கத்தில் யாழ்நகர்க் கழிவுநீர் அமைப்பும் இடம்பெற்றிருந்தது. பின்னர் அப்பகுதி நீக்கப்பட்டது. நீர் வரும் வழி அமைந்தது. போகும் வழி அமையவில்லை.

இருவகை நீரையும் ஒரே குழாயில் விடுதல் தகுமோ எனின், இலண்டன் மாநகர் விடை தரும். 1858 ஆம் ஆண்டுக் கோடையில் தேம்சு நதியின் நாற்றம் பொறுக்கவியலாததாயிற்று. அதன்பின் பசல்கெற்று என்னும் பொறியியலாளர் பெருங்குழாய்களை அமைத்து அந்நகரைக் காத்தார். ஆயின் மழைநீரும் கழிவுநீரும் அவற்றில் ஒருங்கே சென்றமையால், பெருமழையில் இரண்டும் கலந்து நதியில் வழிந்தன. அதனைத் தடுத்தற்கு 25 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் ஒன்றை அகழ்ந்து 2025 இல் முற்றாக இணைத்தனர். அத்துணைப் பொருட்செலவை நாம் தாங்கோம். தொடக்கத்திலேயே இரண்டையும் பிரித்தல் நமக்கு எளிது.

செய்யத்தக்கன மூன்று. முதலாவது, குளங்களையும் அவற்றை இணைக்கும் வாய்க்கால்களையும் மீட்டல். 2021 இல் ஆரியகுளம் புனரமைக்கப்பட்டது. ஏனைய குளங்களும் அவற்றின் வரத்துவாய்க்கால்களோடு பேணப்படல் வேண்டும். இரண்டாவது, நெருக்கமான குடியிருப்புக்களில் அடியும் பக்கமும் நீர்புகாத தொட்டிகளை அமைத்து, நிரம்பியதைப் பவுசரால் அகற்றிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்லல். மூன்றாவது, தொட்டியிலே திண்மக் கழிவு தங்கிவிட, தெளிந்த நீரை மாத்திரம் சிறு குழாய்களாற் சேர்த்துச் சுத்திகரித்தல். கல்லை ஆழ அகழ்தல் அரிதாகிய நம் சமநிலத்துக்குப் பெருங்குழாயினும் இதுவே பொருந்தும்.

இக்கல்லூரியிற் பயின்றோர் பலர் கடல்கடந்து வாழ்கின்றனர். பெற்றோர் வளவில் வீடு கட்டப் பொருள் அனுப்புவோரும் அவருட் பலர். அத்திவாரம் வெட்டுமுன் இரண்டு வினாக்களை அவர் கேட்டல் வேண்டும்: இவ்வளவில் விழும் மழை எங்கே போகும்? இவ்வீட்டிலிருந்து வெளியேறும் கழிவு எங்கே போகும்? வீட்டுப் படத்தில் இவ்விரண்டு வழிகளையும் வெவ்வேறாக வரைந்து காட்டுமாறு மேசனாரிடம் கூறுக. சபையார் செய்யவேண்டியன பல உள. அவற்றைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. அவை நிறைவேறும்வரை, அயலவர் கிணறும் நம் கிணறே என்று கருதி நடப்போமாக.