பிரிண்டர் மௌனமானால்...

நெட்வொர்க் நிர்வாகம் என்றால் கேபிள் இழுப்பதும் பாஸ்வேர்டு மாற்றுவதும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் பொறுப்பை அறிய அமெரிக்கா போக வேண்டாம். திருப்பனந்தாளில் பஸ் ஏறி கும்பகோணத்தில் இறங்கினால் போதும்.

1904-இல் அங்கே தொடங்கப்பட்டது சிட்டி யூனியன் வங்கி. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் ‘ஸ்விஃப்ட்’ என்ற செய்தி அமைப்பைப் பயன்படுத்துகின்றன. 2018 பிப்ரவரியில் அதில் புகுந்த திருடர்கள் துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்கு ஏறக்குறைய 20 லட்சம் டாலர் அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார்கள். ஒப்புகைச் சீட்டு அடிக்கும் பிரிண்டரையும் முடக்கிவிட்டார்கள். பிரிண்டர் மக்கர் பண்ணினால் யார் பதறப்போகிறார்கள்? பிப்ரவரி 7 அன்று கணக்கை நேர் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பியது. 2016-இல் 8.1 கோடி டாலர் இழந்த வங்காளதேச மத்திய வங்கியிலும் இதே பிரிண்டர் தந்திரம்தான்!

எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் படித்ததில்லை. ஆனாலும் அப்பாவுக்கு இது சட்டெனப் புரிந்தது. “மூட்டை எண்றவன் ஒருத்தன், நோட்டுல எழுதறவன் ஒருத்தன். வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டும் ஒத்துப்போகணும்டா” என்றார்.

பல வங்கிகளில் ஸ்விஃப்டும் கணக்கு மென்பொருளும் தனித்தனியே ஓடின. இரண்டையும் இணைக்கும்படி ரிசர்வ் வங்கி 2018-இல் கெடு விதித்தது. இணைப்பது லேசான வேலையல்ல. புதிய இணைப்பு ஒவ்வொன்றும் திருடனுக்கு இன்னொரு வாசலாகலாம். அதற்காகப் பகலில் கவுண்டரை மூடவும் முடியாது.