‘பார்பி’ – ஒரு சொல்லாராய்ச்சி

மாணவர் செய்த பிழையை ஆசிரியர் எடுத்துக்காட்டுவது நாள்தோறும் வகுப்பறையில் நிகழ்வது. ஆசிரியர் செய்த பிழையை எடுத்துக்காட்டும் இடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. நம் கல்லூரி ஆண்டு மலரே அதற்குத் தக்க இடமென்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள். ‘பார்பி’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த நேரம். நம் மாணவியர் சிலர் இளஞ்சிவப்பு உடுத்தி வந்ததும் அப்பொழுதுதான். இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாக, ஆஸ்திரேலியக் குடும்பம் ஒன்றைப் பற்றிய மூன்று பத்தி ஆங்கிலக் கடிதம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தேன். முதற்பத்தியை மட்டும் தமிழாக்கினால் போதும் என்றேன். அதில், சனிக்கிழமை காலையில் அப்பா ‘பார்பி’யைச் சுத்தம் செய்து கொல்லைப்புறத்தில் வைத்தார் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. எல்லோரும் பொம்மை என்றே எழுதினர். ஒரே ஒரு மாணவி மட்டும், “அப்பா அடுப்பைத் துலக்கிக் கொல்லைப்புறத்தில் வைத்தார்” என்று எழுதியிருந்தார்.

நான் சிரித்தேன். சிரித்ததோடு நில்லாமல் வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். “என்னம்மா, பொம்மையை அடுப்பில் வைத்துவிட்டாயே!” என்றேன். வகுப்பே சிரித்தது. சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து 2 மதிப்பெண்ணைக் கழித்தேன். அன்றிலிருந்து அம்மாணவி வகுப்பில் வாய் திறக்கவில்லை. அதை நான் கவனிக்கவுமில்லை.

பத்து நாள் கழித்து அதே தாளை வேறொரு பிரிவுக்குக் கொடுக்க எடுத்தபோதுதான் மூன்றாம் பத்தியை நிதானமாகப் படித்தேன். மழை தூறியதென்றும், ‘பார்பி’யின் மேலிருந்த சாசேஜ்கள் கருகிவிட்டனவென்றும் அதில் கண்டிருந்தது. பொம்மையின் மேல் இறைச்சி கருகுமா? அகராதியைத் தேடி ஓடினேன். ஆஸ்திரேலியப் பேச்சு வழக்கில் ‘பார்பி’ என்பது ‘பார்பெக்யூ’ என்பதன் குறுக்கம்; திறந்த வெளியில் இறைச்சி சுடும் அடுப்பு; அவ்வாறு சுட்டு உண்ணும் விருந்துக்கும் அதுவே பெயர்.

அம்மாணவியை அழைத்துக் கேட்டேன். “உனக்கு இந்தச் சொல் முன்பே தெரியுமா?”

“தெரியாது சார். கடைசிப் பத்தியில அது மேல சாசேஜ் கருகுதுன்னு இருந்துச்சு. எழுத்தும் சின்ன எழுத்தாப் போட்டிருந்துச்சு. பேருன்னா பெரிய எழுத்துல வரும்ல? அதனால அடுப்புன்னு எழுதினேன்.”

“அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க சிரிச்சுட்டீங்க சார்.”

இதற்குமேல் நான் என்ன கேட்பது? அவர்தான் கேட்டார்: “அடுப்புக்கும் பொம்மைக்கும் எப்படி சார் ஒரே பேரு வந்துச்சு?” அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே பின்வருவன.

முதலில் அடுப்பைக் காண்போம். ஆங்கிலத்தில் வழங்கும் ‘பார்பெக்யூ’ ஆங்கிலச் சொல்லன்று. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல் ஸ்பானிய மொழியில் ‘பார்பகோவா’ என்றாகி, அங்கிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. 1492இல் கொலம்பஸ் கரையேறியபோது அவரை எதிர்கொண்டவர்கள் இம்மக்களே. அடிமைத்தனத்தாலும் அம்மை முதலிய நோய்களாலும் சில தலைமுறைகளுக்குள் அவர்களில் மிகப்பெரும்பாலோர் மடிந்தனர், மொழியும் வழக்கொழிந்தது. ஆனால் அம்மொழியின் சொற்கள் இன்றும் உலகெங்கும் நடமாடுகின்றன. ஆங்கிலத்தில் தோணியைக் குறிக்கும் ‘கேனோ’, தூங்குமஞ்சத்தைக் குறிக்கும் ‘ஹேமக்’, பெரும்புயலைக் குறிக்கும் ‘ஹரிகேன்’ ஆகியன அவர்கள் விட்டுச்சென்றவை. பேசியவர் போனபின்னும் சொல் வாழும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

‘பார்பகோவா’ என்றால் இறைச்சி என்று பொருளில்லை; அடுப்பு என்றும் பொருளில்லை. கழிகளை நட்டு, குறுக்கே குச்சிகளைப் பரப்பிக் கட்டிய மேடை என்பதே அதன் பொருள். நம் சொல்லில் கூறுவதானால் அது பரண். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய எழுத்தாளர் ஓவியேதோ, மக்காச்சோளக் கொல்லையில் இத்தகைய மேடைமீது சிறுவர் அமர்ந்து கூவிப் பறவை ஓட்டுவதைக் குறித்திருக்கிறார். தினைப்புனம் காத்த பாட்டுகளைப் படித்த நமக்கு இக்காட்சியை விளக்கவும் வேண்டுமோ? 1697இல் தம் உலகப் பயண நூலை வெளியிட்ட டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, தாமும் துணைவரும் தரையினின்று மூன்றடி உயரத்தில் கட்டிய இத்தகைய பரண்மேல் இரவு படுத்திருந்ததாக எழுதினார். ஆக, ஆங்கிலேயர் இச்சொல்லை ஒரு காலத்தில் படுக்கைக்கும் வழங்கினர்!

அதே பரணின்கீழ்த் தீ மூட்டி, மேலே மீனும் இறைச்சியும் பரப்பிப் புகையில் வாட்டும் வழக்கமும் அம்மக்களிடம் இருந்தது. பரணின் பெயர் மெல்ல மெல்லச் சமைக்கும் முறைக்கு ஆயிற்று. பின் சமைத்த பொருளுக்கு. பின் அதை உண்ணக் கூடும் கூட்டத்திற்கு. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான வாஷிங்டன், 1769இல் இத்தகைய விருந்தொன்றுக்குச் சென்றதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தென் அமெரிக்க மாநிலங்கள் என்று நான் இங்குக் கூறுவது ஐக்கிய நாடுகளின் தெற்கு மாநிலங்களை. அங்கே பார்பெக்யூ என்றால் பல மணி நேரம் புகையில் மெதுவாக வெந்த இறைச்சி. வட கரோலினாக்காரர் பன்றி என்பார். டெக்சஸ்காரர் மாடு என்பார். இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

பிரெஞ்சு மொழியில் ‘தாடி முதல் வால் வரை’ என்று பொருள்படும் தொடரிலிருந்து இச்சொல் பிறந்ததாகவும் ஒரு கதை உண்டு. முழு ஆட்டைத் தாடியிலிருந்து வால்வரை கம்பியில் கோத்துச் சுட்டதால் வந்த பெயராம். கேட்க இனிக்கும், உண்மையன்று. ஒலி ஒத்தால் போதுமென்று வேர் காண்போர் எல்லா நாட்டிலும் உளர்.

இனி ஆஸ்திரேலியா. அங்கே பார்பெக்யூ என்பது புகையில் மெல்ல வாட்டுவதன்று. சூடேறிய இரும்புத் தகட்டிலோ கம்பித்தட்டிலோ விரைவாகச் சுட்டெடுப்பது. பூங்காக்களில்கூடப் பொதுமக்களுக்கென மின் அடுப்புகளை உள்ளாட்சியினர் அமைத்திருக்கின்றனர். பொத்தானை அழுத்தினால் சூடேறும். தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியாகும் பள்ளிகளில் ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்றுப் பள்ளிக்கு நிதி திரட்டுவர். இதற்கு ‘ஜனநாயக சாசேஜ்’ என்று பெயர். 2016இல் அந்நாட்டுத் தேசிய அகராதி மையம் இதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது.

நீண்ட சொல்லை வெட்டி ‘இ’ என்னும் ஒலியை ஒட்டுவதில் ஆஸ்திரேலியர்க்கு நிகர் அவர்களே. காலை உணவாகிய பிரேக்ஃபாஸ்ட் ‘பிரெக்கி’ ஆகும். கொசுவாகிய மஸ்கிட்டோ ‘மாசி’ ஆகும். தபால்காரர் ‘போஸ்டி’, லாரி ஓட்டுநர் ‘டிரக்கி’, அவர்தம் பெயரே ‘ஆசி’. அவ்வழியே பார்பெக்யூ ‘பார்பி’ ஆயிற்று. இது மழலையன்று. சிறிய பொருள் என்று காட்டவும் அவர்கள் இதைச் செய்வதில்லை. எவ்வளவு பெரிய அடுப்பும் பார்பிதான். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அன்னா வியெர்ஸ்பிட்ஸ்கா என்னும் மொழியியலறிஞர், இவ்வழக்கில் ஆரவாரமின்மையும் தோழமையும் புலப்படுகின்றன என்று 1980களில் விளக்கினார். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. விஜயலட்சுமி வீட்டுக்குள் ‘விஜி’ ஆவதும் ராஜேஸ்வரி ‘ராஜி’ ஆவதும் அவர்கள் உருவில் குறைந்ததாலன்று.

இச்சொல் உலகறிந்தது 1984இல். நடிகர் பால் ஹோகன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி, ஆஸ்திரேலியாவுக்கு வாருங்கள், உங்களுக்காகப் பார்பியில் இன்னும் ஓர் இறால் போடுகிறேன் என்ற பொருளில் அழைத்தார். அந்நாட்டுச் சுற்றுலா விளம்பரம் அது. வேடிக்கை என்னவென்றால், இறாலுக்கு அவர் சொன்ன ‘ஷ்ரிம்ப்’ என்பது அமெரிக்கர் சொல். ஆஸ்திரேலியர் ‘பிரான்’ என்றே கூறுவர். கேட்பவருக்காக இறாலின் பெயரை மாற்றியவர்கள் அடுப்பின் பெயரை மட்டும் மாற்றவில்லை.

பொம்மைக்கு வருவோம். ரூத் ஹேண்ட்லர் என்பவர் தம் கணவரோடு ‘மேட்டல்’ என்னும் பொம்மை நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். தம் மகள் பார்பரா, காகிதத்தில் வெட்டிய பெண் உருவங்களுக்கு வளர்ந்த பெண்களின் வாழ்வைக் கற்பித்து விளையாடுவதை அவர் கண்டார். அக்காலத்துப் பொம்மைகளுள் பெரும்பாலானவை கைக்குழந்தை வடிவின. சிறுமியர் அவற்றுக்குத் தாயாக மட்டுமே விளையாட முடியும். 1956இல் சுவிட்சர்லாந்தில் ‘லில்லி’ என்ற ஜெர்மானியப் பொம்மையை அவர் பார்த்தார். செய்தித்தாள் கேலிச்சித்திரத்திலிருந்து பிறந்த வளர்ந்த பெண்ணுருவம் அது. அதை முன்மாதிரியாகக் கொண்டு, 1959 மார்ச்சு 9ஆம் நாள் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பதினொன்றரை அங்குல உயரப் பொம்மை ஒன்று வெளிவந்தது. கறுப்பு வெள்ளைப் பட்டை நீச்சலுடை. விலை 3 டாலர். மகள் பெயரின் செல்லச் சுருக்கமே பொம்மையின் பெயர். இரண்டாண்டு கழித்து வந்த ஆண் பொம்மை ‘கென்’ அவர் மகன் கென்னத்தின் பெயரைப் பெற்றது.

பார்பரா என்னும் பெயரின் வேர் கிரேக்கத்தில் உள்ளது. பிறர் மொழி கிரேக்கர் காதில் ‘பர்பர்’ என்று பொருளற்று ஒலித்ததாம். ஆதலால் அயலாரை ‘பார்பரோஸ்’ என்றனர். அதன் பெண்பாலே பார்பரா. வடமொழியிலும் ‘பர்பர’ என்பது திக்கிப் பேசுவோரையும் அயலாரையும் குறிக்கும். ஆக, பொம்மையின் பெயர் ‘புரியாத மொழி பேசுபவள்’ என்பதில் தொடங்கியது. அடுப்பின் பெயரோ ஐரோப்பியருக்குப் புரியாத மொழி பேசிய தைனோ மக்களின் பரணில் தொடங்கியது. ஒன்றுக்கொன்று எத்தொடர்புமில்லாத இரு சொற்கள், ஒரே ‘இ’ ஒட்டினால் வெட்டுண்டு ஒரே வடிவம் பெற்றன. இதுவே அம்மாணவியின் கேள்விக்கு விடை.

பொம்மையின் பெயர் அத்துடன் நிற்கவில்லை. அழகு மட்டுமுடைய பெண் என்ற ஏளனப் பொருளும் அதில் ஏறியது. 1992இல் வந்த பேசும் பார்பி, கணக்கு வகுப்பு கடினம் என்று கூறியது. கண்டனம் எழவே அவ்வாக்கியத்தை நிறுவனம் நீக்கியது. 1997இல் அக்வா என்ற இசைக்குழு பார்பியை வைத்துக் கேலிப்பாட்டு வெளியிட, நிறுவனம் வழக்குத் தொடுத்தது. சில வணிகப் பெயர்கள் மக்கள் மொழியில் கலந்து பண்பாட்டுச் சொற்களாகிவிடுகின்றன என்ற கருத்தை எடுத்துரைத்து 2002இல் நீதிமன்றம் பாட்டின் பக்கம் தீர்ப்பளித்தது. இரு தரப்பாரும் சற்றே ஆறியிருக்கவும் என்ற பொருளில் நீதிபதி தீர்ப்பை முடித்தது அதைவிடப் புகழ்பெற்றது.

வேறொரு பார்பியும் உண்டு, அது குடிப்பெயர். பிரான்சில் லியோன் நகரில் நாஜிப் போலீசுக்குத் தலைமை வகித்த கிளாவுஸ் பார்பி, 1944இல் இசியூ ஊரின் காப்பகத்திலிருந்து யூதக் குழந்தைகள் 44 பேரைச் சாவுக்கு அனுப்பியவன். 1987இல்தான் தண்டனை பெற்றான். பிரெஞ்சு முதியவர் ஒருவர் இப்பெயரைக் கேட்டால் பொம்மையும் நினைவுக்கு வராது, அடுப்பும் வராது.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், பலபொருள் ஒருசொல்லின் பொருளை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்பார். மா காய்த்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. மா வீழ்ந்தது என்றாலோ வினை உதவாது. நான் கொடுத்த வாக்கியமும் மூன்றாம் வகையே. சுத்தம் செய்தல் பொம்மைக்கும் பொருந்தும், அடுப்புக்கும் பொருந்தும். அங்கே சார்பைத் தேட வேண்டும். சார்பு மூன்றாம் பத்தியில் இருந்தது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேற்றுமை இல்லாமையால், சிறிய எழுத்து தந்த குறிப்பும் என் கண்ணுக்குத் தப்பியது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அதே தமிழ் பேசும் மாணவிக்கு அது தப்பவில்லையே!

அந்த 2 மதிப்பெண்ணைத் திரும்ப இட்டு, வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் தாளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அமர்ந்தார், ஒன்றும் பேசவில்லை.

அடுத்த பருவத்தில் மற்றோர் ஆஸ்திரேலியக் கடிதம் கொடுத்தேன். பார்பிக்கு வரும்போது ஒரு தட்டு கொண்டு வாருங்கள் என்று அதில் ஓர் அழைப்பு. புதிதாகக் குடியேறியவர்கள் இதைக் கேட்டு வெறுந்தட்டோடு போய் நின்ற கதைகள் அந்நாட்டில் ஏராளம். வகுப்பில் பலரும் ‘தட்டு’ என்றே எழுதினர். அம்மாணவியின் தாளில், “ஏதாவது பலகாரம் செய்து எடுத்து வரவும்” என்று இருந்தது. காரணத்தை எழுந்து நின்று சொன்னார். வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.